பதினோரு பல் மாப்பிள்ளையின் இரண்டாம் பாகம்

காபி வேண்டாம், தோழர் லெப்டினன்ட். தண்ணீர் போதும். வாசிக்கிற நாட்களில் காலையில் காபியைத் தொடுவதில்லை என்பது என் இருபத்தேழு வருடப் பழக்கம். குடித்தால் தொண்டையில் ஒரு பிசுக்கு ஏறிக்கொள்ளும். இன்றைக்கு வாசிக்கிற நாள் இல்லைதான். ஆனால் நான் சொல்லப்போகிறேன், நீங்கள் கேட்கப்போகிறீர்கள், அந்த அம்மாள் தட்டச்சு செய்யப்போகிறார். எனக்கு அதுவும் வாசிப்பு மாதிரிதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாகம் என்ற சமாச்சாரமே எனக்குப் பிடிக்காது. காதலர்கள் கைகோத்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லை. எர்மினியாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவள் கேட்டிருந்தால் நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

உங்கள் அம்மாவும் சுருட்டு ஆலையில் இருந்தவர் என்று சொன்னீர்கள். அதனால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தட்டச்சு செய்கிறவருக்காகச் சொல்கிறேன். எங்கள் கூடத்தில் நூற்று முப்பத்தொன்பது பேர் வரிசையாக உட்கார்ந்து சுருட்டுச் சுற்றுவார்கள். கைக்கு வேலை, காதுக்கு வேலை இல்லை. அந்தக் காதுகளுக்காகத்தான் நான். நான்கு படி உயர மேடையில், மைக்கின் முன்னால் உட்கார்ந்து, காலையில் செய்தித்தாளும் மதியத்தில் கதையும் வாசிப்பேன். என்ன கதை என்பதை அவர்கள் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். என்னையும் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். அனிசெட்டோ பகாயாவோ என்ற என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. எல்லோருக்கும் நான் வாத்தியார்.

ஒவ்வொருவர் கையிலும் இலை நறுக்க ஓர் அரைவட்டக் கத்தி இருக்கும். அது அவரவர் சொந்தக் கத்தி. வீட்டுக்குப் போகும்போது ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். வாசித்தது பிடித்தால் அந்தக் கத்தியால் பலகையில் தட்டுவார்கள். நூற்று முப்பத்தொன்பது பலகைகளும் ஒன்றாகத் தட்டுகிற சத்தத்தை ஒரு தடவை கேட்டவனுக்கு வேறு கைதட்டல் எதுவும் காதில் ஏறாது. பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போட்டுவிடுவார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். சிமெண்டில் இரும்பு விழும். அந்தச் சத்தத்தை இருபத்தேழு வருடத்தில் நான் இரண்டே தடவைதான் கேட்டிருந்தேன்.

போன வருடம் "பதினோரு பல் மாப்பிள்ளை" என்ற நாவலை வாசித்தேன். கமாகுவே ஊர்ப் பக்கத்து நூலாசிரியை ஒருவர் எழுதியது. பியானோ பழுது பார்க்கும் காசிமிரோவுக்குப் பல் மருத்துவர் லியோனோர்மேல் காதல். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளைப் பார்ப்பதற்காகவே வாரம் ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்கிறான். கடைசியில் பதினோரு பல் மிச்சம் இருக்கும்போது அவள் "இன்னும் ஒரு பல் பிடுங்கினால் முத்தம் கொடுக்க உனக்கு வாய் இருக்காது" என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். ஆறு வாரம் வாசித்தேன். கூடம் சிரித்த சிரிப்பில் மேலாளர் இரண்டு முறை எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசி நாள் நான்கு நிமிடம் தட்டினார்கள். அது ஓயும்வரை நான் மேடையிலிருந்து இறங்கவில்லை.

இந்த வருடம் நூலகத்துக்கு இரண்டாம் பாகம் வந்துசேர்ந்தது. வேண்டாம் என்று நான் சொன்னேன். கை தூக்கிவிட்டார்கள்.

அதில் என்ன நடக்கிறது தெரியுமா. ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருடம். காசிமிரோ பல் செட் கட்டிக்கொண்டான், தொப்பை போட்டுவிட்டது, ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டான். லியோனோரின் அம்மாவோடு ஒரே வீடு. லியோனோர் வேலையிலிருந்து வந்து பாத்திரம் கழுவுகிறாள், கழுவிக்கொண்டே யோசிக்கிறாள். முப்பது பக்கம் யோசிக்கிறாள்.

நான்காம் நாள் இடைவேளையில் வெனான்சியோ எழுந்தார். ஜன்னல் பக்கத்து வரிசையில் மூத்த சுற்றுக்காரர் அவர். சனிக்கிழமைகளில் புகை அறையில் வண்டு மருந்து வைப்பதும் அவர் பொறுப்பு.

"வாத்தியாரே, மொதல் பாகம் கேட்டுச் சிரிச்சதுல எனக்கு நாலு சுருட்டு கோணலாப் போச்சு. இதக் கேட்டா எல்லாம் நேரா வருது. அப்புறம் நமக்குக் கத எதுக்கு?"

ஜன்னல் பக்கம் சிரித்தது. தூண் பக்கத்திலிருந்து எர்மினியா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். ஐம்பத்து நான்கு வயது, கூடத்திலேயே வேகமான கை, அதைவிட வேகமான நாக்கு.

"ஒனக்கென்ன வெனான்சியோ. வீட்டுல பொண்டாட்டி பேசினாலே ஒனக்குக் காது அடைச்சிக்கும். கதையில ஒரு பொம்பள பேசினா மட்டும் கேட்டுருமா?"

"பேசட்டும் எர்மினியாக்கா, யார் வேண்டாங்கறா. பாத்திரம் கழுவி முடிச்சிட்டுப் பேசச் சொல்லுங்க. நாலு நாளா ஒரே சட்டியத் தேய்க்கிறா."

"எங்க வீட்டுலயும் ஒரு பதினோரு பல்லு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி அவன் வாயத் தொறந்தா தெருவே சிரிக்கும். இப்ப தொறந்தா சாப்பிடத்தான். இந்தப் புஸ்தகக்காரி எங்க வீட்டு அடுப்படியில ஒளிஞ்சிருந்து எழுதின மாதிரி இருக்கு. வாத்தியாரே, நீங்க வாசிங்க."

கூடம் நடுவே பிளந்துகொண்டது. ஒருத்தி இது பாகம் இரண்டு இல்லை, ஆசிரியைக்கு வந்த நோய் என்றாள். இன்னொருத்தி, முதல் பாகம் பொய், இதுதான் கதை என்றாள். தொடரலாமா என்று கை தூக்கச் சொன்னேன். தொடர எழுபத்தொன்று, நிறுத்த அறுபத்தெட்டு. தொடர்ந்தேன். அன்று மாலை வாசிப்பு முடிந்தபோது தூண் பக்கம் தட்டியது. ஜன்னல் பக்கம் கத்திகளைத் தரையில் போட்டது.

அறுபத்தெட்டு கத்திகள், தோழர் லெப்டினன்ட். அது புத்தகத்துக்கு விழுந்தது என்று நீங்கள் சொல்லலாம். ஆசிரியை கமாகுவேயில் இருக்கிறார். மேடையில் உட்கார்ந்திருந்தது நான்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மறைப்பதில் அர்த்தம் இல்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு கதையில் ஒரு குழந்தை இறக்க வேண்டியிருந்தது. அந்த வாரம்தான் மூன்றாம் வரிசையில் ஒருத்தி தன் மகளைப் புதைத்துவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். நான் கதையில் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது என்று வாசித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவள் தட்டினாள். அதற்குப் பிறகு தேவைப்பட்ட இடங்களில் ஒரு வரி, இரண்டு வரி. சமையலில் உப்புச் சேர்க்கிற மாதிரி. கேட்கிறவர்களின் முகம் ஆசிரியருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் லியோனோர் பாத்திரம் கழுவும்போது நான் ஒரு பக்கத்து வீட்டுக்காரனை உள்ளே அனுப்பினேன். பல் மருத்துவர்களின் நாற்காலியைப் பழுது பார்ப்பவன். அவன் லியோனோரின் அம்மாவைப் பார்த்து மயங்கினான். வெறும் அரைப் பக்கம்தான். ஜன்னல் பக்கம் சிரித்தது, தூண் பக்கமும் சிரித்தது. எல்லோரும் தட்டினார்கள்.

அந்த அரைப் பக்கம் மறுநாள் இரண்டு பக்கம் கேட்டது. அதற்கடுத்த நாள் ஆறு. ஆறாம் அத்தியாயத்தில் ஆசிரியை அந்த அம்மாவுக்கு மாரடைப்பு வரவைத்துப் புதைத்துவிட்டார். என் கதையிலோ அவளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திரும்பிப் போக வழியே இல்லை. புத்தகத்தை மேசையில் விரித்து வைத்திருப்பேன், பக்கத்தைப் புரட்டுவேன், கண் அதில் இருக்கும், வாய் வேறொன்று சொல்லும். மூன்று வாரம் அப்படி. மேடையில் ஏறியதும் கழுத்துப் பட்டனைக் கழற்றி வைத்துக்கொள்வேன். ஆனால் தட்டல் விழும்போது எல்லாம் சரியாகிவிடும்.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. தரையில் போடவும் இல்லை. சுருட்டைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்ப்பாள்.

எர்மினியா முதலில் புத்தகத்தை இரவல் கேட்டாள். நூலகத்துப் பிரதி, கொடுக்க முடியாது என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஹவானாவில் இருக்கிற மருமகளுக்குக் கடிதம் போட்டாள். போன வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியருகே வந்து நின்றாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்துக்கூடக் காட்டவில்லை.

"பல் நாற்காலி ரிப்பேர்க்காரன் எந்தப் பக்கத்துல வர்றான், வாத்தியாரே?"

நான் தொட்டியில் குவளையை முக்கினேன்.

"ரெண்டு தடவ தேடினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால ஒரு வரி விடல." அவள் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "கடைசிப் பக்கம் நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"ஏழு வருஷத்துக்கப்புறம் அந்த மனுஷன் ஒரு ஜோக் அடிக்கிறான். அவ வயிறு வலிக்கச் சிரிக்கிறா. சிரிச்சிட்டு, பல்லு புடுங்கற கொறடெல்லாம் பைக்குள்ள போட்டு எடுத்துக்கிட்டுப் பஸ் ஏறிப் போயிடுறா. நான் அடுப்படியில உக்காந்து அழுதேன். அத எங்களுக்கு ஏன் வாசிக்க மாட்டேங்கறீங்க?"

"யாருக்கும் பிடிக்காது, எர்மினியா."

"எனக்குப் பிடிச்சுது. பிடிக்கலன்னா கீழ போடறதுக்கு எங்களுக்குக் கை இருக்கு. அத நீங்க ஏன் முடிவு பண்றீங்க?"

பிறகு தோளில் கை வைத்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவள் நல்லவள்.

"திங்கக்கெழம காலைல மைக்கப் புடிச்சு நீங்களே சொல்லிருங்க. 'இப்படிப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க, கடைசி அத்தியாயத்த நெஜமா வாசிக்கிறேன்'னு. நான் மொதல்ல தட்டுறேன். நான் தட்டினா தூண் பக்கம் மொத்தமும் தட்டும். யாரும் உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"சொல்லலைன்னா?"

"நான் மேடையேறி வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான். மெதுவாத்தான் வரும். பரவால்ல, கேப்பாங்க."

மைக்கை இழந்த வாசிப்பாளருக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழ்த்தளத்தில் பெட்டிகளுக்குக் காகிதம் ஒட்டும் வேலை. அங்கே பேச ஆள் கிடையாது. மேலே யாராவது வாசிப்பது தரை வழியாக முனகல் மாதிரி கேட்கும். எனக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் அந்தக் கூடத்தின் காதுகள்தான். என் இடத்தில் ஒருத்தி எழுத்துக் கூட்டி வாசிக்க, அதற்கு அவர்கள் தட்டுவதை நான் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். இதை நீங்கள் நியாயம் என்பீர்களா. நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நியாயமாகப் படவில்லை.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு வேலை முடியும். அதன் பிறகு புகை அறை. சுற்றி முடித்த சுருட்டுக் கட்டுகளை அதில் அடுக்கி, இலை வண்டு வராமலிருக்க மருந்துப் புகை விட்டு, திங்கள் காலை ஏழு மணிவரை மூடி வைப்பார்கள். சுவரெல்லாம் தக்கை, கனத்த கதவு. மூடுவதற்கு முன் ஒலிபெருக்கியில் மூன்று தடவை எச்சரிக்க வேண்டும், உள்ளே எட்டிப் பார்த்துத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கூடத்தின் குரல் நான்தான் என்பதால் அந்தப் பொறுப்பும் என்னுடையது.

மூன்று அறிவிப்பையும் செய்தேன். எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அவளை அனுப்பியது அதற்குப் பிறகுதான். விதியை மீறினேன் என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எர்மினியா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நீ சொன்னபடியே செய்கிறேன் என்றேன். திங்களன்று வாசிக்க வேண்டியதை இருவரும் ஒரு தடவை சேர்ந்து பார்க்கலாம், நூலகப் புத்தகத்தைப் புகை அறையில் கடைசித் தட்டில், பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், எடுத்து வா, எனக்கு முழங்கால் மடங்காது என்றேன்.

அவள் சிரித்தாள். "அங்கயா ஒளிச்சு வச்சீங்க? நல்ல ஆளு நீங்க. வண்டு படிச்சிரும்னு பயமா?" ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். அவளுக்கு மனசு லேசாகியிருந்தது. என்னைப் பற்றி அவளுக்கு இருந்த கவலை தீர்ந்த சந்தோஷம் அது. நான் கதவைச் சாத்தி இரண்டு கொண்டிகளையும் போட்டேன். ஒலிபெருக்கியில் ஒரு நடன இசைத்தட்டை வைத்தேன், கொஞ்சம் சத்தமாக.

வெனான்சியோ பசைத்தாளும் வாளியுமாக வந்தார். வானொலியில் பேஸ்பால் ஆட்டம் தொடங்கப்போகிற அவசரம் அவருக்கு.

"உள்ள யாரும் இல்லையே, வாத்தியாரே?"

இல்லை என்றேன். இருபத்தேழு வருடமாக என் வாயிலிருந்து வந்த எதையும் அந்த ஆலையில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவர் கதவு இடுக்குகளில் தாளை ஒட்டினார், வெளிச்சுவரில் இருக்கிற மருந்துப் பெட்டியின் பிடியைத் திருப்பினார், தொப்பியைத் தொட்டு விடைபெற்றுக்கொண்டு போனார். அவரை விட்டுவிடுங்கள், தோழர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

இசைத்தட்டை நிறுத்தினேன். வெயில் முற்றத்தில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"அனிசெட்டோ, கதவு மாட்டிக்கிச்சு" என்று உள்ளிருந்து கேட்டது. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நன்றாக உச்சரித்தாள்.

நான் நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் இன்னும் சில தடவை கூப்பிட்டாள். பிறகு இருமல். பிறகு ஏப்ரனிலிருந்து கத்தியை எடுத்திருக்கிறாள். கதவின் உட்பக்கம் பலகை, அதில் தட்டத் தொடங்கினாள். சொன்னபடியே முதலில் தட்டியது அவள்தான்.

நூலகப் புத்தகம் என் பையில்தான் இருந்தது. திறந்து மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். கூடத்தில் இன்னும் வாசிக்காத என்னுடைய கடைசி மூன்று அத்தியாயங்களையும். கேட்கிறவர் முடிவு தெரியாமல் போகக்கூடாது, அது என் தொழில் ஒழுக்கம். குரலை உயர்த்தி, தக்கையைத் தாண்டிப் போகும்படி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய குரலில் வாசித்தேன். மாமியாருக்கும் நாற்காலிக்காரனுக்கும் கல்யாணம். காசிமிரோ கேக்கைக் கடிக்கிறான், பல் செட் கேக்கிலேயே தங்கிவிடுகிறது. லியோனோர் சிரிக்கிறாள், பையை ஆணியில் மாட்டுகிறாள், போகவில்லை. ஒவ்வொரு நல்ல இடத்திலும் உள்ளேயிருந்து தட்டல் வந்தது. முதலில் வேகமாக. பிறகு நிதானமாக, யோசித்து. பல் செட் வருகிற இடத்தில் இரண்டே இரண்டு, ஆனால் அழுத்தமாக. கூடத்தில் மூன்று வாரம் என்னைப் பார்த்துக்கொண்டே பேசாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். கடைசியில் அவளுக்கும் பிடித்துவிட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

கதவின் உள்பக்கம் இருநூற்றுப் பதினான்கு வெட்டுத் தழும்புகள் இருந்தன என்று உங்கள் ஆள் எண்ணிச் சொன்னாராம். இருநூற்றுப் பதினான்கு. ஒரே கையிலிருந்து. முதல் பாகத்துக்குக்கூட யாரும் எனக்கு அப்படித் தட்டியதில்லை.

ஆமாம், எர்மினியாவைக் கொன்றது நான்தான். கேட்டவுடன் சொல்லியிருப்பேன், நீங்கள்தான் மூன்று நாளாக வெனான்சியோவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தீர்கள். நானாகவே இங்கு வந்ததற்குக் காரணம் வேறு. நேற்று ஆலை வாசலில் பேசிக்கொண்டதைக் கேட்டேன். "எர்மினியாக்கா கத்தியத் தரையில போட்டுட்டுத்தான் போயிருக்காங்க" என்று தூண் பக்கத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேசையில் வைத்திருக்கிறீர்களே, அது அவள் கத்திதான். தரையில் கிடந்தது என்பதும் உண்மைதான். கடைசி வரியை வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். காத்திருந்தேன். உள்ளே கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் சிமெண்டில் இரும்பு விழுகிற சத்தம் வந்தது. ஒரே ஒரு தடவை.

கை சோர்ந்து நழுவியிருக்கும், தோழர் லெப்டினன்ட். உயிர் போகிற கை கத்தியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா. வேறு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளாகப் போட்டாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.